சுவருக்கு அப்பால் இருப்பது யார்?

ஈராக்கில் வீடு வீடாகத் தேடுதல் நடத்திய அமெரிக்கப் படையினருக்காக, 'ராடார் ஸ்கோப்' என்ற கையடக்கக் கருவியை அந்நாட்டின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டார்பா 2006இல் அறிவித்தது. 12 அங்குலக் கொங்கிறீட் சுவருக்கு அப்பால், 50 அடிக்குள் ஒருவர் மூச்சுவிடுவதைக்கூட அது கண்டறியும் என்றார்கள். இதே வகைக் கருவிகள் அமெரிக்கப் பொலிஸாரிடமும் இருப்பது 2015இல் பெரிய செய்தியானது.

ரேடியோ அலைகள் சுவரைக் கடந்து, அசையும் நெஞ்சில் பட்டுத் திரும்புகின்றன. உள்ளே ஆள் உண்டு என்பதே விடை. ஆயுததாரியா, தாயா, கைக்குழந்தையா என்று சொல்லாது. யாருடையது என்று தெரியாத தொகையை வைத்து எந்தக் கணக்காளனும் கணக்கை முடிக்கமாட்டான். சுற்றிவளைப்பு நாட்களில் மூச்சை அடக்கி வீட்டுக்குள் இருந்த எங்களுக்கு இது நன்றாக விளங்கும். சுடுமுன் உள்ளே யார் என்று அறியும் கடமையை எந்தக் கருவியும் நீக்கிவிடாது.