நெட்டையர் வழக்கு

சென்ற வாரம் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூட மைதானத்து வேப்பமரத்தடியில் நம்மை நீதிபதியாக உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். வாதியும் பிரதிவாதியும் பத்தாம் வகுப்பு மாணவர்கள். வழக்கு இதுதான்: கூடைப்பந்து ஆட்டத்தில் கூடைக்கு அருகே நின்று ஆடும் நெட்டை ஆட்டக்காரர்களுக்குள், இதுவரை தோன்றியவர்களில் தலைசிறந்தவர் யார்? ஒருவன் வில்ட் சேம்பர்லின் என்றான். மற்றவன் பில் ரஸ்ஸல் என்றான். இருவரும் அமெரிக்கர், இருவரும் ஆடி ஓய்ந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. கைப்பேசித் திரையில் மங்கலான கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பார்த்ததைத் தவிர, பையன்களுக்கு அவர்களைப் பற்றி வேறொன்றும் தெரியாது. ஆயினும் கைகலப்பு ஒன்றுதான் பாக்கி. “பழைய சமாசாரமெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும், சார்!” என்று சரித்திர உபாத்தியாயரான நம்மிடம் வந்துவிட்டார்கள். தீர்ப்பை ஒரு வாரம் ஒத்திவைத்தோம். அதை இந்தப் பக்கத்திலேயே சொல்லிவிட உத்தேசம்.

இந்த ஆட்டத்தை 1891-ஆம் ஆண்டில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உண்டாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அவரும் ஓர் உபாத்தியாயரே என்பதைச் சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு சந்தோஷம். தேகப்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் இரண்டு பீச் பழக் கூடைகளை அறைந்தார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. ஆகவே இன்றும் உலகமெங்கும் கூடையின் உயரம் பத்தடிதான். அது இன்னும் நாலடி மேலே இருந்திருக்குமானால் நமது வழக்கே இந்த ரூபத்தில் எழுந்திராது.

பத்தடி உயரக் கூடை. ஏழடி உயர மனிதன். இதில் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது, கையை நீட்டிப் பந்தைப் போட வேண்டியதுதானே என்று கேட்பவர் உண்டு. அவர்கள் ஜார்ஜ் மைக்கனின் கதையைக் கேட்க வேண்டும். 6 அடி 10 அங்குல உயரமும், தடித்த மூக்குக் கண்ணாடியும், தன் காலே தனக்குத் தடுக்கும் நடையுமாக, அவர் சிகாகோவிலுள்ள டிபால் சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே ரே மேயர் என்ற பயிற்சியாளர் அவரைக் கயிறு தாண்ட வைத்தார். நிழலோடு குத்துச்சண்டை போட வைத்தார். நடனம் கூடக் கற்றுக்கொள்ளச் செய்தார். கூடைக்கு அடியில் நின்று வலக் கையால் ஒன்று, இடக் கையால் ஒன்று என்று மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கில் எறியச் சொன்னார். இன்றும் “மைக்கன் பயிற்சி” என்ற பெயரிலேயே அதைச் சிறுவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். அந்தத் தடுமாறும் பிள்ளையாண்டான்தான் பிற்பாடு மினியாபொலிஸ் லேக்கர்ஸ் கட்சிக்கு, 1949 முதல் 1954 வரை, ஐந்து முறை சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். உயரம் பிறப்போடு வந்ததுதான். மற்றவை வியர்வையால் வந்தவை.

சட்டம் செய்கிறவர்கள் அவரைக் கண்டு பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். எதிரிகள் எறிந்த பந்து கூடைக்குள் இறங்கும் தருணத்தில் அவர் கையால் தட்டிவிட்டு வந்தார். அது கூடாதென்று 1944-இல் கல்லூரி ஆட்டத்துக்கு விதி செய்தார்கள். கூடைக்கு அடியில் கோடு கிழித்த ஓர் இடம் உண்டு. பந்தைக் கையில் வைத்திருக்கும் கட்சியார் அதற்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்கலாகாது. ஆறடி அகலமாயிருந்த அந்த இடத்தை மைக்கனை முன்னிட்டு 1951-இல் பன்னிரண்டடி ஆக்கினார்கள். அவருக்குப் பந்தே போகாமல் தடுக்க ஃபோர்ட் வேய்ன் கட்சியார் கண்ட உபாயமோ விநோதமானது. 1950 நவம்பர் 22-ந் தேதி ஆட்டத்தில் அவர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள்! முடிவு 19-க்கு 18. தோற்ற லேக்கர்ஸின் 18-இல் 15 மைக்கன் போட்டவை. 24 வினாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954-இல் வந்ததற்கு இத்தகைய ஆட்டங்களும் ஒரு காரணம். ஒரு மனிதனைச் சமாளிக்க ஆட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது என்றால், அதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் என்ன வேண்டும்?

இந்த அளவுகோலை மட்டும் வைத்துப் பார்த்தால் சேம்பர்லின் கட்சிக்காரன் பாதி ஜயித்துவிட்டான். அவருக்காக அந்தப் பன்னிரண்டடி, 1964-இல் பதினாறடி ஆயிற்று. அவர் 7 அடி 1 அங்குலம். உயரத்தோடு ஓட்டக்காரனின் காலும் பலசாலியின் தோளும் வாய்த்தவர். 1962 மார்ச்சு 2-ந் தேதி, பென்சில்வேனியாவில் சாக்கலேட்டுக்குப் பெயர்போன ஹெர்ஷி என்ற சிற்றூரில், நியூயார்க் கட்சிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் தனி ஒருவராக நூறு புள்ளி எடுத்தார். பார்த்தவர்கள் 4,124 பேர். எதிரி முறைகேடாகத் தடுத்தால், கோட்டில் நின்று யாரும் மறிக்காமல் எறியும் ‘ப்ரீ த்ரோ’ கிடைக்கும். அதில் அவர் ஆயுள் முழுவதும் கெட்டிக்காரர் அல்லர். அன்று மட்டும் 32-க்கு 28 விழுந்தது. அந்தப் பருவம் முழுவதற்கும் அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 50.4 புள்ளி. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதிலும் அவர் சூரர். 1960-இல் ஒரே ஆட்டத்தில் இப்படி 55 பந்துகளைப் பிடித்தார். அதுவும் ரஸ்ஸலுக்கு எதிரிலேயே!

இத்தனைக்கும் பிறகு ரஸ்ஸலின் கட்சிக்குச் சொல்ல என்ன இருக்கிறது? அவருடைய ஆயுட்காலச் சராசரி ஆட்டத்துக்குப் பதினைந்து புள்ளிதான்.

அந்த 1962-ஆம் வருஷத்திலேயே விடை இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். பருவ முடிவில் இரண்டு தேர்தல்கள் நடந்தன. ஒன்று, அவ்வாண்டின் தலைசிறந்த ஐவர் கொண்ட அணிக்கு. அதில் வாக்களித்தவர்கள் பத்திரிகைக்காரர்கள். நடுஸ்தானத்துக்கு அவர்கள் சேம்பர்லினைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றொன்று, அவ்வாண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார் என்பதற்கு. அக்காலத்தில் இந்தப் பரிசுக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்களே. அவர்கள் தேர்ந்தெடுத்தது ரஸ்ஸலை. ஆட்டத்துக்கு ஐம்பது புள்ளி எடுத்தவர் ஒரு பக்கம் இருக்க, பத்தொன்பது எடுத்தவருக்குப் பரிசு! வெளியே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு ஒருவர் பெரியவராகத் தெரிந்தார்; எதிரே நின்று அடிபட்டவர்களுக்கு வேறொருவர் பெரியவராகத் தெரிந்தார். சரித்திரம் படித்தவர்கள் இப்படிப்பட்ட சாட்சியத்தை லேசில் தள்ளிவிட மாட்டார்கள்.

ரஸ்ஸல் செய்தது என்ன? எதிரி எறியும் பந்தைப் பாதி வழியில் தடுத்தார். தடுப்பவர் பலர், பார்வையாளர் கைதட்டும்படி அதை அரங்கத்துக்கு வெளியே அறைந்துவிடுவார்கள். பந்து மறுபடி எதிரிக்கே போய்ச் சேரும். ரஸ்ஸலோ பந்தை மெல்லத் தட்டித் தம் சகா ஒருவரின் கையில் விழச் செய்வார். கண் மூடித் திறப்பதற்குள் அது மறுகோடியில் புள்ளியாகிவிடும். இதைவிடச் சூட்சுமம் ஒன்று உண்டு. நாலைந்து முறை தடுக்கப்பட்ட எதிரி, ஆறாம் முறை ரஸ்ஸல் அருகில் இல்லாதபோதும் அவரை நினைத்துக்கொண்டே எறிவான். பந்து குறி தவறும். ரஸ்ஸல் அசையவே இல்லை. ஆனால் தவறியது அவரால்தான். இதை எந்தக் கணக்கில் எழுதுவது? அவர் கையால் தடுத்த பந்துகளுக்குக்கூட அன்று கணக்கில்லை. அமெரிக்கத் தேசியச் சங்கம் அவற்றை எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில். ரஸ்ஸல் ஓய்வு பெற்றதோ 1969-இல். ஆக, அவருடைய வித்தையில் பெரும் பகுதிக்குப் புத்தகத்தில் பத்தியே கிடையாது. (நமது மார்க்குப் பதிவேடும் அப்படித்தான். பக்கத்துப் பையனுக்குப் பொறுமையாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைக்கு அதில் ஒரு கட்டம் இல்லை. இருபது வருஷமாகப் பதிவேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். நமக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது.)

புத்தகத்தில் ஏறிய கணக்கு ஒன்று உண்டு. பாஸ்டன் செல்ட்டிக்ஸ் கட்சிக்கு அவர் 13 பருவங்கள் ஆடினார். 11 முறை சாம்பியன் பட்டம் பாஸ்டனுக்கு. “கூட இருந்தவர்கள் எல்லாரும் மகாரதர்கள் ஆயிற்றே, சார்! அவர் ஜயித்தது அதிசயமா?” என்று எதிர்க்கட்சிப் பையன் கேட்டான். நியாயமான ஆட்சேபம். பாப் கூஸியும் பில் ஷார்மனும் சாம் ஜோன்ஸும் ஜான் ஹாவ்லிச்செக்கும் சாமானியர்கள் அல்லர். ரெட் அவர்பாக் போன்ற தந்திரசாலியான பயிற்சியாளரும் வேறு கிடைத்தார். ஆனால் அதே அவர்பாக்கும் கூஸியும் ஷார்மனும் ரஸ்ஸல் வருவதற்கு முன்னால் ஒரு பட்டமும் பெற்றதில்லை. அவர் வந்த முதல் வருஷமே, 1957-இல், பெற்றார்கள். 1958-இல் இறுதிச் சுற்றில் அவருக்குக் கணுக்கால் சுளுக்கிற்று; தோற்றார்கள். 1969-இல் அவர் விலகினார். அடுத்த பருவத்தில் இறுதிப் பந்தயங்களுக்கே அவர்கள் தகுதி பெறவில்லை. கடைசி மூன்று பருவங்கள் அவரே பயிற்சியாளராகவும் இருந்தார். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை ஆட்டங்களில் நம் காலத்தில் அப்பதவி பெற்ற முதல் கறுப்பு மனிதர் அவர்தான்.

இந்த ஜயங்களையெல்லாம் அவர் எந்த மனோநிலையில் பெற்றார் என்பதையும் நினைக்க வேண்டும். 1961-இல் கெண்டக்கியின் லெக்ஸிங்டன் நகரத்துக்குக் காட்சிப் பந்தயம் ஆடப் போனார்கள். தங்கிய ஹோட்டலின் சிற்றுண்டிச்சாலையில் கறுப்பு ஆட்டக்காரர்களுக்கு உணவு தர மறுத்துவிட்டார்கள். ரஸ்ஸலும் கறுப்புச் சகாக்களும் ஆடாமலே விமானம் ஏறிவிட்டார்கள். பாஸ்டனுக்கு அருகே அவர் குடியிருந்த வீட்டில் கயவர்கள் புகுந்து, பரிசுக் கோப்பைகளை உடைத்து, சுவரில் இழிசொல் எழுதி, படுக்கையையும் அசுத்தம் செய்தார்கள். அந்த ஊருக்குத்தான் பதினொரு பட்டம்! 1972-இல் அவருடைய சட்டை எண்ணான 6-ஐ அரங்கத்தில் உயர்த்திக் கட்டும் சடங்கை, ஜனங்களை உள்ளே விடுவதற்கு முன்பே, சகாக்கள் நடுவில் முடித்துக்கொண்டார். 2022-இல் அவர் காலமான பிறகு, இனி எந்தக் கட்சியிலும் அந்த எண்ணை எவருக்கும் புதிதாக அளிப்பதில்லை என்று சங்கம் தீர்மானித்தது.

சேம்பர்லினுக்கு அநியாயம் செய்துவிடக் கூடாது. 1967-இல் அவர் புள்ளி எடுப்பதை வெகுவாகக் குறைத்துக்கொண்டு, பந்தைச் சகாக்களுக்கு வழங்கி ஆடினார்; ஃபிலடெல்ஃபியா கட்சி பாஸ்டனை வீழ்த்திப் பட்டமும் பெற்றது. இதை அவர் கட்சிக்காரன் தன் சாட்சியாகக் கொண்டுவந்தான். நமக்கென்னவோ அது எதிர்க்கட்சியின் சாட்சியாகத் தோன்றுகிறது.

இருவரும் சிநேகிதர்கள். ஒருவர் வீட்டில் ஒருவர் விருந்துண்டவர்கள். 1969 மே 5-ந் தேதி இறுதிப் பந்தயத்தின் ஏழாம் ஆட்டம் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது. சேம்பர்லின் அப்போது லேக்கர்ஸ் கட்சியில் இருந்தார். ஜயம் நிச்சயமென்று எண்ணிய முதலாளி, அரங்கத்தின் கூரையில் பலூன்களைக் கட்டி வைத்திருந்தார். சில நிமிஷங்களே இருக்கும்போது சேம்பர்லின் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். பிறகு திரும்பி வர விரும்பியும் பயிற்சியாளர் விடவில்லை. பாஸ்டன் 108, லேக்கர்ஸ் 106. பலூன்கள் கூரையிலேயே தங்கின. அதுவே ரஸ்ஸலின் கடைசி ஆட்டம். அப்புறம் அவர், ‘அப்படிப்பட்ட ஆட்டத்திலிருந்து விலகியிருக்கக் கூடாது’ என்ற பொருளில் பகிரங்கமாகப் பேசிவிட்டார். இருபது வருஷங்களுக்கு மேல் இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. பிழை தம்முடையதே என்று ரஸ்ஸல் கடைசியில் மன்னிப்புக் கேட்டார், நட்பு மீண்டது. நாம் ரஸ்ஸல் பக்கம் தீர்ப்புச் சொல்லப் போகிறவர்கள். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் மீது குற்றம் இருந்தது.

இந்த இருவரோடு வழக்கு முடிந்துவிடாது என்பது வாஸ்தவம். கரீம் அப்துல்-ஜபார் இருக்கிறார். 7 அடி 2 அங்குலம். அவர் கல்லூரியில் படிக்கும்போது, பந்தைக் கூடைக்குள் திணிப்பதையே 1967-இல் தடை செய்தார்கள். அவர் சளைக்கவில்லை. சிறு வயதில் செய்த அதே மைக்கன் பயிற்சியிலிருந்து வளர்ந்த எறி ஒன்று அவரிடம் இருந்தது. தலைக்கு மேலே கையை வளைத்து, எவனாலும் எட்ட முடியாத உயரத்திலிருந்து பந்தை விடுவார். அதைத் தீட்டித் தீட்டி 20 பருவங்களில் 38,387 புள்ளி சேர்த்தார். அந்தக் கணக்கு 2023 பிப்ரவரி வரை முறியவில்லை. நாற்பது வயது கடந்தும் அவர் ஆடியதற்கு யோகாசனமும் ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். நேயர்கள் இதைப் படித்து மார்பு விம்முவதில் ஆட்சேபமில்லை. மறுநாள் காலையில் எழுந்து ஓர் ஆசனமாவது போட்டால் சரி. இரண்டாம் ஸ்தானம் அவருக்குத்தான்.

லாகோஸ் நகரில் கால்பந்து கோல் காத்துப் பழகிய காலோடு வந்த ஹகீம் ஒலாஜுவான், தூணையே பெயர்த்து விழச் செய்த ஷகீல் ஓநீல் ஆகியோர் ரசிகர்கள் நம்மை மன்னிக்க வேண்டும். செர்பியாவின் நிக்கோலா யோக்கிச்சைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வேகம் இல்லை, துள்ளல் இல்லை. 2014-இல் அவரை 41-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது தொலைக்காட்சியில் ஒரு தின்பண்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. பிற்பாடு 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் அவரே மிகச் சிறந்த ஆட்டக்காரர். 2023-இல் டென்வர் கட்சிக்குப் பட்டமும் வந்தது. பந்தை யாருக்கு எப்போது கொடுப்பது என்ற அறிவு ஒன்றை வைத்துக்கொண்டே இதையெல்லாம் சாதித்தார். ரஸ்ஸல் உயிரோடு இருந்து அந்தப் பட்டத்தைப் பார்த்திருந்தால் புன்னகை செய்திருப்பார்.

தீர்ப்பைச் சொன்னோம்: முதல் ஸ்தானம் ரஸ்ஸலுக்கு. ஜயித்த கட்சி ஆரவாரம் செய்தது. தோற்ற பையன் சற்று நேரம் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நின்றான். பிறகு, “ரஸ்ஸலை ஃபிலடெல்ஃபியாவிலும் சேம்பர்லினைப் பாஸ்டனிலும் போட்டிருந்தால், சார்?” என்றான்.

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. இருட்டிவிட்டது, பந்தை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டோம்.