மனச்சான்றுக்கு மதிப்பெண்ணா?

கணினி விளையாட்டு என்றதும் முகம் சுளிப்போர் நம்மிடையே பலர். நேரத்தைத் தின்னும் பேய் அது என்பர் சிலர். துப்பாக்கிச் சத்தமன்றி அதில் வேறென்ன உண்டு என்று கேட்பர் வேறு சிலர். இவர்களோடு நாம் இங்கு வழக்காடப் போவதில்லை. நம் வழக்கு, அவ்விளையாட்டுகளை உயர்ந்த கதைக்கலை என்று போற்றுவோரோடுதான். கதை சொல்லும் கலை புதியதோர் ஊடகத்தில் குடியேறியிருக்கிறது என்பதை நாமும் ஏற்கிறோம். ஏற்பதனாலேயே கேட்கிறோம்: நல்லது செய்தால் இத்தனை மதிப்பெண், கொடியது செய்தால் இத்தனை மதிப்பெண் என்று திரையிலேயே எழுதிக் காட்டும் கதை, அறத்தைப் பற்றிய கதையாவது எங்ஙனம்?

பொதுப்படப் பேசுவதில் பயனில்லை. பலராலும் பாராட்டப்பெற்ற ஒரு படைப்பையே எடுத்துக்கொள்வோம். கனடா நாட்டின் எட்மன்டன் நகரைச் சேர்ந்த பயோவேர் நிறுவனம், 2007ஆம் ஆண்டில் ‘மாஸ் எஃபெக்ட்’ என்னும் அறிவியல் புனைகதை விளையாட்டை வெளியிட்டது. 2010இல் இரண்டாம் பாகமும் 2012இல் மூன்றாம் பாகமும் வந்தன. மூன்றும் செப்பனிடப்பட்டு 2021இல் ஒரே தொகுப்பாக மீண்டும் வெளிவந்தன. ஷெப்பர்ட் என்னும் விண்கலத் தளபதியின் பாத்திரத்தை ஏற்று, விளையாடுபவரே கதையை நடத்திச் செல்கிறார். யாரிடம் எப்படிப் பேசுவது, யாரைக் காப்பது, யாரைக் கைவிடுவது என்பன அவர் கையில் இருக்கின்றன. ஒரு பாகத்தில் அவர் செய்தது அடுத்த பாகத்திலும் அவரைத் தொடர்ந்து வருகிறது. எந்த நாவலாசிரியருக்கும் எளிதில் வாய்க்காத வசதி இது. பாத்திரம் செய்யும் நன்மை தீமைகளில் வாசகருக்கே பங்கு கிடைத்துவிடுகிறது.

இத்துணை அரிய வசதியைப் பெற்றவர்கள் அதை என்ன செய்தார்கள்? இரண்டு உண்டியல்களை வைத்தார்கள். ஒன்று நீல நிறம்; அதன் பெயர் பாரகன். பரிவும் பொறுமையும் காட்டினால் அதில் புள்ளிகள் விழும். மற்றொன்று சிவப்பு நிறம். அதன் பெயர் ரெனகேட். முரட்டுத்தனமும் இரக்கமின்மையும் காட்டினால் அதில் விழும். உரையாடலின்போது திரையில் ஒரு வட்டம் தோன்றும். அதன் வலப்புறத்தில் மேலே இருப்பது பொதுவாக நல்ல விடை. கீழே இருப்பது கடுமையான விடை. எதிரே நிற்பவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கவும் வேண்டியதில்லை. மேலே உள்ளதையே தொடர்ந்து அழுத்திக்கொண்டிருந்தால் போதும். நல்லவர் என்ற பட்டம் கிடைத்துவிடும்.

இரண்டாம் பாகத்தில் நிலைமை இன்னும் மோசம். இக்கட்டான வேளைகளில் பிறரை இணங்கச் செய்யும் சொற்கள், ஏதேனும் ஒரு நிறத்தில் போதிய புள்ளி சேர்த்தவருக்கே திறக்கும். ஆகவே, ஓரிடத்தில் கனிவாகவும் மற்றோரிடத்தில் கண்டிப்பாகவும் நடக்கும் இயல்பான மனிதர் அங்கே தோற்றுப்போகிறார். கப்பலில் தோழர் இருவர் சண்டையிடும்போது, நிறத்தை மாற்றாதவர் இருவரையும் சமாதானப்படுத்திவிடுவார். சூழலுக்கேற்ப நடந்தவரோ ஒருவரின் பற்றுறுதியை இழக்க நேரும். ஒவ்வொரு முறையும் நின்று நிதானித்துச் சிந்தித்தவருக்குத் தண்டனை. சிந்திக்காமல் ஒரே நிறத்தைப் பிடித்துக்கொண்டவருக்குப் பரிசு. இதை ஒழுக்கப் பயிற்சி என்பதா, வட்டிக் கணக்கு என்பதா?

நம் குற்றச்சாட்டு வெளியிலிருந்து கொண்டுவந்த அளவுகோலால் எழுந்ததன்று. அந்த விளையாட்டே நமக்குச் சான்று தருகிறது. முதற் பாகத்தில் விர்மயர் என்றொரு கோள். அங்கே அடுத்தடுத்து இரண்டு நிகழ்ச்சிகள்.

முதல் நிகழ்ச்சி ரெக்ஸ் என்னும் தோழரைப் பற்றியது. அவர் குரோகன் இனத்தவர். அவ்வினத்தின் பெருக்கத்தை ஒடுக்குவதற்காகச் சலேரியன் இன அறிவியலார் ஒரு நோயைப் படைத்தார்கள். டூரியன் இனத்தார் அதைப் பரப்பினார்கள். அதன்பின் குரோகன் கருக்களில் ஆயிரத்தில் ஒன்றே உயிரோடு பிறக்கும் நிலை வந்தது. அந்நோய்க்கான மாற்று விர்மயரில் எதிரியின் கூடத்தில் இருப்பதாக ரெக்ஸ் அறிகிறார். அந்தக் கூடத்தையே தகர்க்க வந்திருப்பவர் ஷெப்பர்ட். ரெக்ஸ் துப்பாக்கியை நீட்டுகிறார். தன் இனத்தின் பிறவாத பிள்ளைகளுக்காக நண்பனையே எதிர்த்து நிற்கும் ஒருவரிடம் என்ன சொல்ல முடியும்? கதையின் மிக உயர்ந்த கட்டம் இது. ஆனால், பேச்சுத் திறனில் போதிய புள்ளி இருந்தால் வண்ண எழுத்தில் ஒரு வரி தோன்றும். அதை அழுத்தினால் ரெக்ஸ் இறங்கிவருவார். புள்ளி இல்லையேல் பெரும்பாலும் அங்கேயே சுடப்பட்டு இறப்பார். ஒரு நண்பரின் உயிர் ஒரு சேமிப்புக் கணக்கின் இருப்பைப் பொறுத்து நிற்கிறது.

இதில் ஒரு விலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையற்றவராவோம். ரெக்ஸின் குடும்பத்திலிருந்து பறிபோன பழைய கவசம் ஒன்றை, கட்டாயம் ஏதுமின்றி, முன்னரே தேடி மீட்டுத் தந்திருந்தால், அந்த நட்பை எண்ணியும் அவர் இறங்கிவருவார். கைம்மாறு கருதாது எப்போதோ செய்த உதவி, எதிர்பாராத வேளையில் ஓர் உயிரைக் காக்கிறது. அங்கே கதையும் ஆட்டமும் ஒன்றாகின்றன. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் ஏன் உண்டியலைத் தேடிப் போனார்கள் என்பதே நம் ஆதங்கம்.

இரண்டாம் நிகழ்ச்சி அதே கோளில், சற்று நேரத்திற்குப் பின். ஆஷ்லி, கெய்டன் என்னும் இரு மனிதத் தோழர்கள் வெவ்வேறிடங்களில் எதிரிகளிடம் சிக்கியிருக்கிறார்கள். ஒருவரைத்தான் காக்க இயலும். எவ்வளவு புள்ளி சேர்த்திருந்தாலும் இங்கே செல்லாது. இணங்கவைக்கும் சொல் எதுவும் இல்லை. மேல் வரி, கீழ் வரி என்ற வழிகாட்டலும் உதவாது. ஒருவர் இறப்பார். எஞ்சியவர் அடுத்த பாகங்களிலும் வருவார். அவர் முகத்தைக் காணும்தோறும் வராதவரின் நினைவும் வரும். மாஸ் எஃபெக்ட் விளையாடியவர்களிடம் விர்மயர் என்று சொன்னாலே போதும், இந்த முடிவைப் பற்றித்தான் பேசுவார்கள். காரணம் வெளிப்படை. அங்கே ஆசிரியர் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்தார். விளையாடுபவர் தம் மனச்சான்றோடு தனித்து விடப்பட்டார்.

எதிர்த்தரப்பாரின் மறுப்பு நமக்குத் தெரியும். விளையாட்டு என்றால் விதி வேண்டும். விதி என்றால் எண் வேண்டும். எண்ணை நீக்கினால் எஞ்சுவது படக்கதைதானே என்பார்கள். துப்பாக்கியில் எத்தனை தோட்டா, உடலில் எவ்வளவு வலு என்பவற்றிற்கு எண் இருக்கட்டும், நாம் தடுக்கவில்லை. அறத்தை எண்ணால் அளந்தே தீரவேண்டும் என்றாலும், அதைக் காட்டித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. 1985ஆம் ஆண்டிலேயே ரிச்சர்ட் கேரியட் தம் ‘அல்டிமா’ வரிசையின் நான்காம் விளையாட்டில் எட்டு நற்பண்புகளை வைத்தார். அது அறிவியல் புனைவன்று, மாயக் கதை. ஆனால் அங்கே புள்ளிகள் மறைவாகவே சேர்ந்தன. பார்வையற்ற வணிகர் ஒருவரிடம் பொருள் வாங்கினால், எவ்வளவு பணம் வைப்பது என்பது வாங்குபவரின் நேர்மையைப் பொறுத்தது. குறைத்து வைத்தால் அந்நேரத்தில் யாரும் தட்டிக் கேட்கமாட்டார்கள். பழி பின்னர் தெரியவரும். மறைவில் செய்வதுதான் மனிதனை அளக்கும் என்பதை, மிக எளிய கணினிகளின் காலத்திலேயே ஒருவர் உணர்ந்திருந்தார்.

இன்னொரு மறுப்பும் உண்டு. மாஸ் எஃபெக்ட் விளையாடியோரில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் நல்வழியையே தேர்ந்தனர் என்று, அதில் பணியாற்றிய ஒருவர் 2020இல் தெரிவித்தார். பார்த்தீர்களா, மக்கள் நல்லவர்கள். விளையாட்டு அந்நன்மையை வளர்க்கிறது என்று சிலர் மகிழ்ந்தனர். மக்கள் நல்லவர்கள் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால், நன்மைக்கு விலையே இல்லாத இடத்தில் நன்மை செய்வது எதை மெய்ப்பிக்கிறது? அங்கே பரிவு காட்டியவருக்குப் பெரும்பாலும் நண்பர் பிழைப்பார், படை பெருகும், புகழ் வளரும். இழப்பு ஏதுமில்லாமல் கிடைக்கும் நற்பெயரை வேண்டாம் என்பார் யார்? நன்மை செய்தவன் சில வேளைகளில் தோற்பான், ஏளனத்திற்கும் ஆளாவான் என்ற வாழ்க்கை உண்மையை அந்த நீல உண்டியல் மறைக்கிறது.

மூன்றாம் பாகத்தில் இரு நிறங்களையும் கூட்டி ‘நற்பெயர்’ என்ற ஒரே கணக்காக்கினார்கள். முந்தைய முறை பழுதானது என்பதற்கு இது மறைமுகமான ஒப்புதல் என்றே கொள்ளலாம். ஆனால் கணக்கு ஒழியவில்லை, வேறிடத்துக்குப் போயிற்று. மூன்று பாகங்களிலும் செய்த முடிவுகள் போர் வலிமை என்னும் எண்ணாகத் திரண்டன. முதற் பாகத்தில், அழிந்ததாகக் கருதப்பட்ட ராக்னி இனத்தின் அரசியைக் கொல்வதா, விடுவிப்பதா என்று நெஞ்சம் நடுங்க முடிவெடுத்தோமே, அதுவும் அப்பட்டியலில் ஒரு வரி! இறுதியிலோ விளையாடுபவர் முன் மூன்று வழிகள் வைக்கப்பட்டன. அவற்றின் முடிவுக் காட்சிகள் பெரிதும் நிறத்தாலேயே வேறுபட்டன.

2012 மார்ச்சில் எழுந்த கொந்தளிப்பை உலகம் அறியும். அதிருப்தியுற்றோர் குழந்தைகள் நலனுக்கான அறப்பணி ஒன்றுக்கு 80,000 டாலர் அளவில் நிதி திரட்டியே தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். சிவப்பு, நீலம், பச்சை என மூன்று நிறங்களில், ஆனால் ஒரே சுவையில், ஏறத்தாழ 400 சிறு கேக்குகளை நிறுவனத்துக்கு அனுப்பியும் வைத்தனர். அவ்வாண்டு ஜூனிலேயே விரிவாக்கிய முடிவு இலவசமாக வெளியிடப்பட்டது. அவர்களின் சினம் நியாயமானது. ஆனால் அவர்கள் கேட்டது இன்னொரு முடிவை. கேட்டிருக்க வேண்டியதோ இன்னொரு தொடக்கத்தை. ஐந்தாண்டு காலம் மனச்சான்றை வைப்புத் தொகையாகக் கருதப் பழக்கிவிட்டு, முதிர்வு நாளில் வட்டி இல்லை என்றால் சினம் வராதா?

இத்தனைக்கும் அதே மூன்றாம் பாகத்தில் ஒரு பொற்கணம் உண்டு. குரோகன் இனத்தின் நோயை மேம்படுத்தியவர்களுள் ஒருவரான மோர்டின் என்னும் சலேரியன் அறிவியலார், மனம் மாறி, அதைத் தீர்க்கும் மருந்தைப் பரப்பக் கோபுரத்தின் உச்சிக்குப் புறப்படுகிறார். திரும்பி வர இயலாது என்பதை அறிந்தே போகிறார். மருந்தைக் கெடுத்துவிட்டால் படையுதவி தருவதாகச் சலேரியன் தலைவி முன்னரே ஷெப்பர்ட்டிடம் பேரம் பேசியிருக்கிறார். அதற்கு இணங்கியவர் இப்போது மோர்டினின் முதுகில் சுடலாம், சுடாமலும் விடலாம். சுட்டால், விசையை அழுத்துவது விளையாடுபவரின் சொந்த விரல். நாவலில் கொலையைப் படிக்கிறோம், நாடகத்தில் பார்க்கிறோம், இங்கோ செய்கிறோம், அல்லது செய்யாமல் கையை எடுக்கிறோம். இந்த ஊடகத்தின் தனிப்பெரும் ஆற்றல் இதுவே. நன்மைக்கு இங்கே விலையும் உண்டு: மருந்து பரவினால் நண்பர் மடிவார், தலைவி வாக்களித்த உதவியும் போகும்.

ஆகவே படைப்பாளரிடம் நாம் வேண்டுவது ஒன்றே: உண்டியல்களை உடைத்தெறியுங்கள். செயலுக்கு விளைவு இருக்கட்டும், மதிப்பெண் வேண்டாம். விமர்சகர்களே, கதைக்கு இத்தனை, ஆட்டத்துக்கு இத்தனை என்று தனித்தனியே பாராட்டுவதை நிறுத்துங்கள். விளையாடுபவரின் கை செய்வது கதையின் கருத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

வாசகர்களே, உங்கள் வீட்டு இளைஞர் இத்தகைய விளையாட்டில் மூழ்கியிருந்தால், எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்டு ஓய்ந்துவிடாதீர்கள். யாரைக் காத்தாய், யாரைக் கைவிட்டாய், ஏன் என்று கேளுங்கள். ‘அதில்தான் புள்ளி அதிகம்’ என்பது விடையானால், அந்த விளையாட்டு அவரை ஏமாற்றியிருக்கிறது. விடை சொல்லத் தயங்கி அவர் சற்றே மௌனமானால், அந்த விளையாட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது.