சுத்தம் பண்றேன்னு சூனியம் வெச்சுக்கிட்டேன்!

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, யாராவது லேப்டாப்பைச் சுத்தம் பண்ணுவாங்களா? நான் பண்ணினேன் பாஸ்!

லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ். ப்ராஜெக்ட்டுக்காகப் புது பைத்தானைத் தனியா போட்டிருந்தேன். 'அப்புறம் பழசு எதுக்கு தண்டமா?'ன்னு ரிமூவ் கமாண்ட் கொடுத்தேன். நீளமா ஒரு லிஸ்ட் ஓடுச்சு. படிக்காமலே 'ஒய்' தட்டினேன். ரீஸ்டார்ட் பண்ணினா டெஸ்க்டாப்பே காணோம். கறுப்பு ஸ்க்ரீன்தான்!

அந்த 'பழைய' பைத்தான் எனக்காக வந்ததில்லை, சிஸ்டம் தனக்காக வெச்சிருந்தது. அதை நம்பி இருந்த புரோகிராம்களும் கூடவே போயிடுச்சு. அதில் கண்டதைத் திணிச்சாலும் ஆபத்துதான். அதனால்தான் 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் இருந்து, சிஸ்டம் பைத்தானில் நேரா எதையும் போட 'பிப்' மறுக்குது. மீறிப் போட ஒரு ஆப்ஷன் உண்டு. பேரு, 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. இதுக்கு மேல எப்படிங்க எச்சரிக்கிறது?

பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இதுதான்... ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரு 'வென்வ்' போடுங்க. தேவையானது எல்லாம் அந்த ஒரு ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். வேலை முடிஞ்சா ஃபோல்டரை அழிச்சிடலாம், சிஸ்டத்துக்குச் சேதாரம் இல்லை. செமஸ்டருக்கு ஒருமுறை 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' அடிச்சுப் பாருங்க. முதல் இன்ஸ்டலேஷனில் வந்ததும், நாமளா கேட்டுப் போட்டதும் வரிசையா வரும். அதில் நாம போட்டு, இப்போ வேண்டாததை மட்டும் நீக்குங்க. அதுக்குத் துணையா வந்ததை 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' பார்த்துக்கும். எது நீங்குதுன்னு லிஸ்ட்டைப் படிச்சுட்டு 'ஒய்' தட்டுங்க, ப்ளீஸ்!

நல்லவேளை, ஹோம் ஃபோல்டரில் இருந்த ப்ராஜெக்ட் தப்பிச்சது. போன் நெட்டில் டெஸ்க்டாப்பைத் திரும்ப இறக்கிட்டு இருந்தப்ப, கடலுக்குக் கிளம்பின மாமா எட்டிப் பார்த்தார். எங்க ஊர் புன்னக்காயலில் தாமிரபரணி கடலில் சேருற இடத்தைத் தாண்டித்தான் தொழிலுக்குப் போவாங்க.

"விடிய விடிய என்னலே தட்டிக்கிட்டு கிடக்க?"

கதையைச் சொன்னேன். சிரிச்சார்.

"நண்டுக்குப் போனா நண்டு வலை, சாளைக்குப் போனா சாளை வலை. எல்லாத்தையும் வள்ளத்தில் ஏத்திட்டா, மீனை எங்கலே போடுவ?"

"வலையைக் குறைக்கத்தான் மாமா பார்த்தேன்..."

"நீ வலையையா எறிஞ்ச? வள்ளத்துப் பலகையில்லா பேத்து எறிஞ்சிருக்க!"