மாண்டவர் மேலா பழி?

ஜனத்திரளில் நசுங்கி மனிதர் மாளும்போதெல்லாம் மூவர் தவறாமல் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றனர். ஒன்று, மாண்டவர், இரண்டு, விதி, மூன்று, காற்று. வாயிற்கதவின் சாவியை வைத்திருந்த கனவானும், இடத்துக்கு மிஞ்சிச் சீட்டு விற்ற கனவானும், உத்தரவு போட்ட கனவானும் அக்கூண்டின் பக்கமே தலைகாட்டுவதில்லை. மறுநாள் மலர்வளையத்தோடு வந்து, அனுதாபத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றிவிட்டுப் போகிறார்கள். காற்றின் மீதுமா பழி போடுவார்கள் என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். நடந்ததைக் கேட்டபின் நகைக்கட்டும்.

2022ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி இரவு, நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவில், மாலாங் நகரை அடுத்த கஞ்சுருகான் விளையாட்டரங்கில் அரேமா என்னும் உள்ளூர்க் கால்பந்து அணி 2–3 என்று தோற்றது. தோல்வி பொறாத ரசிகர்கள் மைதானத்தில் இறங்கினர். போலீசார் மைதானத்தில் மாத்திரமல்லாது, பெண்டிரும் பிள்ளைகளும் இருந்த படிவரிசைகளின்மேலும் கண்ணீர்ப்புகைக் குண்டுகளைச் சுட்டனர். மூச்சுமுட்டிய ஜனங்கள் வாயில்களை நோக்கி ஓடினர். சில வாயில்கள் சாத்தியிருந்தன, திறந்தவையோ குறுகலாயிருந்தன. மாண்டவர் 135 பேர். கூட்டத்தை அடக்கும் புகையை அரங்குக்குள் பயன்படுத்தவே கூடாதென்பது ஃபீஃபா என்னும் உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் கட்டளை என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

வழக்கு நடந்தது. 2023 மார்ச் மாதத்தில் சுராபாயா நீதிமன்றம் போலீஸ் அதிகாரிகள் இருவரை விடுதலை செய்தது. அவர்களில் ஒருவரது படையினர் சுட்ட புகையைக் காற்று மைதானத்தின் நடுவுக்குத் தள்ளி மேலே கொண்டுபோய்விட்டதாம். படிவரிசைக்கு அது எட்டவில்லையாம்! மாண்டோரின் பெற்றோர் என்ன நினைத்திருப்பார்கள் என்று நாம் எழுதவும் வேண்டுமோ? அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புகளைத் தள்ளி, இருவருக்கும் சிறைத்தண்டனை விதித்தது. ஆட்டத்தைப் பகலில் வையுங்கள் என்று போலீசார் கேட்டும் இரவிலேயே நடத்திய லீக் கம்பெனியின் தலைவரோ, வழக்குக் கோப்பு முழுமை பெறவில்லையென்ற காரணத்தால் 2022 டிசம்பரிலேயே காவலிலிருந்து வெளியே வந்தார்.

இது ஏழை நாட்டின் சீர்கேடு, வெள்ளைக்காரர் நாட்டில் இவ்வாறு நடவாது என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோவைப் பார்க்கட்டும். 1989 ஏப்ரல் 15ஆம் தேதி அங்கே நெருக்குண்டு மாண்டோர் தொகை, பல்லாண்டு கழித்துக் காயத்தால் இறந்தவரையும் சேர்த்து 97. வெளிவாயிலைத் திறக்க உத்தரவிட்டவர் போலீஸ் தலைவர். ரசிகர்களே கதவை உடைத்துப் புகுந்தார்கள் என்று உடனே பொய் சொன்னவரும் அவரே. குடித்துவிட்டு வந்த கூட்டம் என்று பத்திரிகைகள் எழுதின. போலீசார் கூட்டத்தை நிர்வகிக்கத் தவறியதே முக்கிய காரணமென்று நீதிபதி டெய்லர் அவ்வாண்டே அறிக்கை கொடுத்தும், 1991இல் மரண விசாரணை மன்றம் “விபத்து” என்றே எழுதி வைத்தது. போலீசாரின் வாக்குமூலங்கள் 164 திருத்தப்பட்டிருந்தன என்பது 2012இல் அம்பலமாயிற்று. மாண்டோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர், ரசிகர்கள் மீது குற்றமில்லை என்று ஜூரிகள் சொல்ல 2016 வரை, அதாவது 27 ஆண்டுகள், தாய்மார் காத்திருந்தனர். அதன் பின்னும் அப்போலீஸ் தலைவர் 2019இல் விடுதலையானார். தண்டனை பெற்றவர் மைதானக் கழகத்தின் முன்னாள் காரியதரிசி ஒருவரே. அதுவும் 6,500 பவுன் அபராதம்!

இந்தியாவின் கதையும் இதுவே. 1980 ஆகஸ்ட் 16ஆம் தேதி கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் கிழக்கு வங்காளமும் மோதிய கால்பந்தாட்டத்தில் 16 ரசிகர்கள் மாண்டனர். 2025 ஜூன் 4ஆம் தேதி பெங்களூர் சின்னசாமி அரங்கின் வாயில்களில், கிரிக்கெட் வெற்றிவிழாப் பார்க்க வந்த 11 பேர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் தேதி கரூரில், நடிகர் ஒருவரின் கட்சிக் கூட்டத்தில் 41 தமிழர் மாண்டனர். கட்சியார் போலீசாரைச் சுட்ட, போலீசார் கட்சியாரைச் சுட்ட, அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது. பந்தாட்டமோ, வெற்றிவிழாவோ, அரசியலோ, எதுவாயினும் சாவுக்குப் பின் நடக்கும் நாடகம் ஒன்றே.

“முண்டியடித்தது ஜனங்கள்தாமே?” என்று கேட்கும் அறிவாளிகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு சதுர மீட்டரில் ஐந்தாறு பேருக்கு மேல் நெருங்கிவிட்டால், தன் காலால் நடப்பவன் எவனுமில்லை. வெள்ளத்தில் துரும்புபோல் கூட்டம் தள்ளும் பக்கம் போகிறான். முன்னே ஒரு குழந்தை மூச்சுத் திணறுவது பின்னே நிற்பவனுக்குத் தெரியாது. மிதிபட்டுச் சாவோரைவிட, நெஞ்சு விரிய இடமின்றி நின்றபடியே மூச்சடைத்துச் சாவோரே அதிகம். அந்த நெருக்கம் உண்டாகும்முன் அதைக் காணக்கூடியவர், மேடையிலும் கட்டுப்பாட்டறையிலும் இருந்து முழுக் கூட்டத்தையும் பார்ப்பவர் ஒருவரே. பார்க்கக்கூடியவருக்கன்றோ பொறுப்பு?

“எல்லாம் விதி” என்பாருக்கும் ஒரு வார்த்தை. விதி சீட்டு அச்சடிப்பதில்லை, வாயிலைப் பூட்டுவதில்லை. சீட்டு விற்ற பணத்தை எண்ணுங்கால் விதியின் பங்கென்று ஒரு காசும் ஒதுக்காதவர்கள், பிணத்தை எண்ணுங்கால் மாத்திரம் விதியைக் கூட்டாளியாக்குவது என்ன நியாயம்?

நிற்க. நம் நாட்டின் நிலை என்ன? 1988 ஜூலை 31ஆம் தேதி பட்டர்வொர்த் படகுத்துறையில், திருவிழாக் கூட்டத்தின் பாரம் தாங்காமல் மேல்தளம் இடிந்து 32 பேர் மாண்டனர்; 1,600க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சாய்ந்து 48 பேர் மாண்டனர். இது கூட்ட நெரிசலன்று. எனினும் பொறுப்பு யாருடையது என்னும் கேள்வி ஒன்றே. அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்துக்கும் பொறுப்பில் பங்குண்டென்று உயர்நீதிமன்றம் 2000இல் கண்டது. 2006இல் கூட்டரசு நீதிமன்றமோ, 1974ஆம் ஆண்டுத் தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆம் பிரிவைக் காட்டிக் கழகத்தை விடுவித்தது. வரி வாங்கவும், திட்டத்துக்கு முத்திரை குத்தவும் அதிகாரமுண்டு. முத்திரை குத்திய கட்டடம் சரிந்தால் கேட்க வழியில்லை! அதிகாரம் ஒரு கையிலும் பொறுப்பு ஒரு கையிலும் இல்லாத இந்த ஏற்பாட்டைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

நம் தந்தையர் பால்மரம் சீவிய புக்கிட் ஜாலில் மண்ணில் 1998 முதல் 80,000க்கு மேற்பட்டோர் கூடும் தேசிய அரங்கு நிற்கிறது. கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள், போகட்டும். கோல்காப்பாளர் ஆறுமுகத்தை நாட்டுக்குக் கொடுத்த சமூகம் பந்தாட்டத்தை வெறுக்குமோ? ஆனால் போகுமுன் கேட்க உரிமையுண்டு. தோட்டத்துப் பெரட்டில் ஓர் ஆள் குறைந்தாலும் செக்ரோல் காட்டிக் கொடுக்கிறது. அரைநாள் சம்பளம் அன்றே பிடிபடுகிறது. கூலி பிடிக்க ஆள் எண்ணத் தெரிந்த உலகத்துக்கு, உயிர் காக்க ஆள் எண்ணத் தெரியாதா?

நாம் கேட்பது மூன்றே. முதலாவது, எக்கூட்டத்துக்கும் முன்னதாகவே, கதவு திறக்கவும் சீட்டு விற்பனையை நிறுத்தவும் ஆட்டத்தையே நிறுத்தவும் அதிகாரம் பெற்ற ஒருவரின் பெயரை எழுதி வாயிலில் ஒட்டுக. இரண்டாவது, விபத்து நேர்ந்தால், சம்பந்தப்பட்ட இலாகாவே தன்னை விசாரித்துக்கொள்ளாமல் வெளியார் விசாரித்து, அறிக்கையைப் பொதுஜனங்களுக்கு வெளியிடுக. மூன்றாவது, அதிகாரிகளுக்கும் கழகங்களுக்கும் கேடயமாயிருக்கும் சட்டப் பிரிவுகளை நீக்குக. இங்கிலாந்திலேயே, உத்தியோகஸ்தர் விசாரணையில் உண்மை சொல்லக் கடமைப்பட்டவர் என்னும் மசோதா 2025இல் பார்லிமெண்டுக்கு வந்தது. அதுவும் மாண்டோரின் குடும்பத்தார் ஓயாமல் கேட்டதனால் வந்தது.

அரசாங்கத்தைக் கேட்குமுன் நம் வீட்டையும் கேட்போம். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் இலட்சக்கணக்கில் கூடுகிறோம். ஊர்தோறும் கோயில் திருவிழா. பட்டணந்தோறும் சினிமா நட்சத்திரங்களின் மேடை. மாலை போட்டுக்கொள்ள முப்பது பேர் முன்வரும் நம் குழுக்களில், “பின்வாயில் சாவி என்னிடம், ஏதும் நேர்ந்தால் நான் பதில் சொல்கிறேன்” என்று கையெழுத்திட எத்தனை பேர் முன்வருவர்? அடுத்த திருவிழாவுக்கு நன்கொடைப் புத்தகத்தோடு வருவோரிடம் தோழர்கள் இதைக் கேட்கட்டும். பதில் சொல்ல ஆளில்லாத கூட்டத்துக்கு ஒரு வெள்ளியும் கொடாதீர்கள், பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள்.