மாடத்துக்கு மட்டும் 25 யூரோ

ஆசிரியர் அவர்களுக்கு,

இஸ்தான்புல் பற்றி உங்கள் இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். கபாப், பாஸ்பரஸ் படகு, கிராண்ட் பஜார் பேரம் எல்லாம் சரி. தேவாலயமாகக் கட்டப்பட்டு இன்று பள்ளிவாசலாக இருக்கும் ஹாகியா சோபியாவுக்கு ஒரே பத்தி. அதிலும் 'கட்டாயம் பார்க்க வேண்டிய இடம்' என்ற வழக்கமான வரி. அங்கே எதைப் பார்க்க விடுகிறார்கள், எதை விடுவதில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. போய்ப் பார்த்துவிட்டு ஆற்றாமையோடு திரும்பியவன் என்பதால் எழுதுகிறேன்.

2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனி வாசல், 25 யூரோ கட்டணம். நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். அவ்வளவு கொடுத்தும் மேல்மாடம் வரைதான் அனுமதி. கீழ்த்தளம் தொழ வருபவர்களுக்கு மட்டும்; அங்கே கால் வைக்க முடியாது.

மாடத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டேன். கீழ்ப்பாதி உதிர்ந்துபோய், முகமும் மேற்பகுதியும் மட்டும் தப்பி நிற்கும் ஏசுவின் மொசைக் ஓவியம் அங்கேதான் இருக்கிறது. 1204-ல் நகரத்தைச் சூறையாடிய சிலுவைப் படையோடு வந்த வெனிஸ் தலைவன் டாண்டோலோவின் பெயர் பொறித்த கல்லும் அங்கேதான். கைப்பிடிச் சுவரில் ஒரு வைக்கிங் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். (நம் ஊர்க் கோட்டைச் சுவர்களில் கிறுக்குகிறவர்களின் முன்னோடி!)

ஆனால் கட்டடத்தின் கதை முக்கால்வாசி தரையில் அல்லவா கிடக்கிறது? பைசாந்தியப் பேரரசர்கள் முடிசூடிய வண்ணக்கல் வட்டங்கள், 1453-ல் ஒட்டோமான் துருக்கியர் நகரைப் பிடித்த பிறகு மெக்கா திசைக்காகச் சற்றே வலப்பக்கம் தள்ளி அமைத்த மிஹ்ராப் என்ற தொழுகைக் குழிவு, சுல்தான் மூன்றாம் முராத் பெர்கமோனிலிருந்து கொண்டுவந்த ராட்சதப் பளிங்கு ஜாடிகள், முதலாம் மஹ்மூத் கட்டிய நூலகம். எதன் பக்கத்திலும் போக முடியாது. 55 மீட்டர் உயரக் குவிமாடத்தை நேர் கீழே நின்று அண்ணாந்து பார்க்கவும் வழியில்லை.

அது பள்ளிவாசலானதில் எனக்கு வழக்கில்லை. 1934-ல் அருங்காட்சியகமாக்கியதும் அரசுதான், 2020-ல் மீண்டும் பள்ளிவாசலாக மாற்றியதும் அரசுதான். தொழுகைக்கு இடைஞ்சல் என்றால், நடந்துபோகும் தூரத்திலேயே நீலப் பள்ளிவாசல் இருக்கிறதே! அங்கும் ஐவேளைத் தொழுகை நடக்கிறது. மற்ற நேரத்தில் யாரும் இலவசமாக உள்ளே போகலாம்; பெண்களுக்கு முக்காடு, எல்லோருக்கும் கையில் செருப்பு, அவ்வளவுதான். 2023 வரை ஹாகியா சோபியாவிலும் இப்படித்தான் விட்டார்கள். கூட்டத்தால் சேதம் என்கிறார்கள். 2022-ல் பேரரசர் வாசலின் பழைய மரக்கதவை யாரோ பெயர்த்தது உண்மை. அதற்குக் காவல் போடலாம், ஆட்களை எண்ணி விடலாம். பயணியா, தொழ வந்தவரா என்று பார்த்துத் தளம் பிரிப்பானேன்?

மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்று நாமும்தான் வாங்குகிறோம். அதனால் கட்டணத்தைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் 600 கொடுத்தவரும் 40 கொடுத்தவரும் அங்கே ஒரே பாதையில் நடக்கிறார்கள். மாற்று மதத்தவரைக் கொடிமரத்தோடு நிறுத்தும் நம் கோயில் பலகைகளை நீட்டிப் பதில் சொல்வோர் உண்டு. அந்தப் பலகைகளையும் நான் ஏற்பவன் அல்ல.

ஹாகியா சோபியா இருப்பது, 1985 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள பகுதியில். தொழுகைக்கு இடைப்பட்ட சில மணி நேரமாவது கீழ்த்தளத்தை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். அதுவரை, இஸ்தான்புல் பற்றி எழுதுகிறவர்களிடம் அந்த 25 யூரோவுக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.