மாதாவும் வேணும், மாத்திரையும் வேணும்

போன கோடையில் அம்மாவை லூர்துக்குக் கூட்டிட்டுப் போனேன். நான் வேலை பார்க்கும் துலூஸிலிருந்து காரில் ரெண்டு மணி நேரம்தான். எங்களுக்குப் புதுச்சேரிப் பக்கம். வில்லியனூர் லூர்து மாதா கோயில் குளத்தங்கரையில் வளர்ந்த அம்மாவுக்கு, அசல் கெபியைப் பார்ப்பது சின்ன வயசு ஆசை.

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு மன அழுத்த நோய். தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையில்தான் ஒரு வருஷமாகத் தேறி வந்தார்.

பிரனீஸ் மலையிலிருந்து இறங்கும் காவ் ஆற்றின் கரையில் இருக்கிறது அந்தக் குகை. 1858-ல் பெர்னதெத் என்ற 14 வயதுச் சிறுமி மாதாவைக் கண்டதாகச் சொன்ன இடம். ஆற்றோரமாகச் சக்கர நாற்காலிகள் வரிசையாகப் போகும். ராத்திரி ஒன்பது மணிக்கு மெழுகுதிரிப் பவனி. அம்மா அந்தக் கரையில் உட்கார்ந்து, அப்பா போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார். அந்தப் பயணம் அவருக்கு நல்லது செய்யலைன்னு நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் அங்கே வந்திருந்த நம்ம ஆட்களில் ஒருத்தர், "இவ்வளவு தூரம் வந்துட்டு இன்னும் மாத்திரை போட்டா விசுவாசம் இல்லைன்னு அர்த்தம்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா எனக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டார். மூணாவது வாரம் நடுராத்திரியில் அவசர சிகிச்சைக்கு ஓடினோம்.

லூர்து என்ன செய்கிறது என்று பாருங்கள். குணமானேன் என்று யாராவது சொன்னால் அதை விசாரிக்க 1883-லிருந்தே அங்கே ஒரு மருத்துவ அலுவலகம் இருக்கிறது. எந்த மதத்து டாக்டரும் அதில் கலந்துகொள்ளலாம். 7,000-க்கும் மேற்பட்டவர்கள் குணம் பெற்றதாகச் சொல்லியிருக்கிறார்கள். திருச்சபை புதுமை என்று ஏற்றுக்கொண்டவை 2025 ஏப்ரல் வரை வெறும் 72. அந்த ஊற்றைத் தோண்டிய பெர்னதெத்தே ஆஸ்துமாவிலும் காசநோயிலும் கஷ்டப்பட்டு, 1879-ல் 35 வயதில் இறந்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

சுகருக்கு மாத்திரை போட்டால் நாம் யாரையும் கேள்வி கேட்பதில்லை. மனசுக்குப் போட்டால் மட்டும் ஏன்? இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொன்னாலும், "ஜெபம் பண்ணு, சரியாயிடும்" என்பதோடு நாம் முடித்துவிடுகிறோம்.

ஒன்று புரிகிறது. பிரெஞ்சு டாக்டரிடம் தன் துக்கத்தைச் சொல்ல அம்மாவுக்கு மொழி இல்லை. ஜெபக் கூட்டத்தில் தமிழில் அழ முடிகிறது. அதனால்தான் இந்தப் பயணங்கள் தேவை. அதனால்தான் இவற்றை நடத்துகிறவர்களுக்குப் பொறுப்பும் அதிகம். பஸ் கிளம்பும்போது மைக்கில் செபமாலை தொடங்கும் முன்னால் ஒரே ஒரு வரி சொல்லுங்கள்: "யாரும் மருந்தை நிறுத்தாதீங்க."

இந்த வருஷமும் அம்மா வருகிறார், மறுபடியும் லூர்துக்குப் போகிறோம். இந்தத் தடவை அவர் கைப்பையில் செபமாலையும் மாத்திரை டப்பாவும் ஒன்றாகத்தான் இருக்கும்.