வாடகை வீடு: வாய்ப்பேச்சு போதாது



மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருக்கும். கொடுக்க வேண்டிய வீட்டில் வாடகைக்காரர் இருப்பார். தவணை முடிந்துவிட்டது என்றால், "கோர்ட்டுக்குப் போங்க" என்பார். வழக்கு வருடக்கணக்கில் இழுபடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இதைக் குறைக்கத்தான் 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது. குத்தகைக்காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டையோ கடையையோ மீட்க, மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கமான நடைமுறை இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் அதன் அத்திவாரம் எழுத்து ஒப்பந்தம். நம் ஊரில் எத்தனை வீட்டுக்கு அது இருக்கிறது? ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும் என்பது 1840இலிருந்தே உள்ள சட்டம்.

ஆத்திரத்தில் பூட்டை உடைப்பதும் கரண்டை வெட்டுவதும் வழியல்ல. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் முறையிட்டால், அவரையே திரும்பக் குடியமர்த்தும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

எழுத்து வாடகைக்காரருக்கும் காவல். கொடுத்த முற்பணத்துக்கு அதுதான் சாட்சி. கூடுதல் வாடகைக்கு வேறொருவர் வந்துவிட்டார் என்று பாதித் தவணையில் "எழும்புங்க" என்றால், காட்டுவதற்கு அவர் கையில் ஒரு கடதாசி இருக்கும்.

"சொந்தக்காரனுக்கு எதுக்கு எழுத்து?" என்கிறோம். குர்ஆனின் மிக நீண்ட வசனமே தவணைக் கடனை எழுதிவைக்கச் சொல்வதுதான். எழுதினால் நம்பிக்கை குறையாது, சண்டைதான் குறையும். அடுத்த முற்பணம் கைமாறுவதற்கு முன் இரண்டு பேரும் சேர்ந்து நொத்தாரிசிடம் போங்கள்.